வசந்தா எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்கள்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், ஊரிலிருந்து வந்திருந்த மகள் கவிதா, கேஸ் அடுப்பைப் பழுது பார்க்க வந்தவர். காலை ஒன்பதே கால் மணி. அடுப்புக்காரர் பர்னர்களைக் கழற்றி, தரையில் விரித்த பேப்பரின்மேல் வரிசையாக வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு ஊக்கு தேடிக்கொண்டிருந்தார். போனை எடுத்த கவிதா, "அம்மா, முருகேசண்ணன்" என்று என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நம்ம மேடம் தவறிட்டாங்கக்கா. காலைல ஆறு மணிக்கு. தூக்கத்துலயே" என்றார், வசந்தாவிடம் வேலை செய்யும் முருகேசன்.

"செரிங்க" என்றேன். அடுப்புக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறமா வாரேனுங்க" என்று எழுந்தார். "இல்லீங்க, கழட்டினதை மாட்டிப்போட்டே போங்க" என்று உட்கார வைத்தேன். வசந்தா பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். எதையும் பாதி கழற்றிய நிலையில் விட்டுவிட்டுப் போவது அவருக்கு ஆகாது.

வசந்தா என்று பெயர் சொல்லி எழுதக் கூச்சமாக இருக்கிறது. நேரில் நான் 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒரு வருஷம் நாலு மாசம் இளையவர், அதனால் அவருக்கு நான் 'அக்கா'. அவரிடம் வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவர் மேடம். நினைவு மலர் போடுகிறோம், எழுதித் தாருங்கள் என்று முருகேசன் கேட்டபோது, "படிச்சவங்க அத்தனை பேர் இருக்கறாங்க, நான் என்னத்தை எழுதட்டுங்க" என்றேன். "நீங்க இருந்தது இருந்தபடிக்கு எழுதுவீங்கக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எழுதுகிறேன்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறை. மாடிக்குக் குடி வருகிறவர்கள் சத்தம் தாங்காமல் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள். தொண்ணூற்றேழில் வசந்தா ஆபீஸ் போட இடம் பார்க்க வந்தார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சுங்க. இங்க ஒருத்தனும் தூங்க முடியாது" என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டார்.

ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் பன்னிரண்டு வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவர் அவர். நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு, ஜாவா என்று புதிதாக வந்திருந்த ஒன்றைத் தலையணை போன்ற புத்தகம் வாங்கித் தானே படித்து, சொந்தமாகத் தொழில் தொடங்கினார். மில் வேலையை உதறிவிட்டு வந்த பெண் என்று எங்கள் தெருவில் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், மறைப்பதற்கில்லை.

மாடியில் மூன்று கம்ப்யூட்டர். ஜன்னலோரம் இருந்ததற்குச் சர்வர் என்று பெயர். மற்ற இரண்டும் கேட்கும், அது எடுத்துக் கொடுக்கும் என்று எனக்கு விளக்கினார். முதல் ஆயுத பூஜைக்கு மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சர்வருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு.

"அதுக்கென்னுங்கக்கா தனி மரியாதை?"

"கொடுக்கற எடமுங்களே" என்றேன்.

எனக்குச் சஷ்டி, கிருத்திகை, இரண்டு வேளை விளக்கு எல்லாம் உண்டு. அவருக்கு அதெல்லாம் கிடையாது. கும்பிட மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். பிரசாதம் என்றால் மட்டும் இரண்டு கையையும் நீட்டுவார்.

நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சமெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவர்கள் பழைய புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எனக்கு இருக்கிற ஒரே பழக்கம், எதையும் எழுதி வைப்பது. சிலிண்டர் மாற்றிய நாள், உப்புத் தண்ணீர் வந்த நேரம், கரண்ட் போன நேரம், திரும்பி வந்த நேரம். "எங்கூட்டம்மா கரண்ட் ஆபீசுக்கே கணக்கு எழுதறா" என்று வீட்டுக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நோட்டுதான் எங்கள் இருவரையும் சேர்த்தது. ஆபீஸ் போட்டு நாலைந்து மாதம் இருக்கும். மாடியில் ஒரே தொந்தரவு. சர்வரில் ஓடுகிற புரோகிராம் பகலில் ஏதோ ஒரு நேரம் பதில் சொல்லாமல் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஒரு வாரமாகப் புரோகிராமை வரி வரியாகப் பார்க்கிறார்கள், தப்பு அகப்படவில்லை. காபி கொண்டு போன நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். நின்றுபோன நேரங்களை அதில் குறித்திருந்தார்கள். அதில் இரண்டு நேரம் எனக்குத் தெரிந்த நேரமாக இருந்தது. கீழே போய் என் நோட்டை எடுத்து வந்து காட்டினேன். பதினொன்று இருபதுக்குப் போய்ப் பதினொன்று இருபத்தொன்றுக்கு வந்த கரண்ட். அடுத்த நாள் மூன்று ஐந்து. எல்லாம் பொருந்தியது. கம்ப்யூட்டர்கள் யுபிஎஸ்ஸில் இருந்ததால் ஒரு நிமிஷம் கரண்ட் போனது மாடியில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றையும் இணைக்கிற சின்னப் பெட்டியை மட்டும் சுவர் பிளக்கில் மாட்டியிருந்தார்கள். அது செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது.

வசந்தா என் நோட்டைப் புரட்டிக்கொண்டே போனார். "அக்கா, நீங்க எழுதறதுக்குப் பேரு லாக். இதை எழுதச் சொல்லித்தான் இவங்களுக்குச் சம்பளமே கொடுக்கறேன், ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க" என்று முருகேசனைப் பார்த்துச் சொன்னார். முருகேசன் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

சர்வருக்குள் ஓடுகிற புரோகிராமில் தப்புத் தேடுவதைப் பற்றி நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். நம் கண் முன்னால் ஒரு பக்கம் திறக்கும். வேலை நடப்பது அங்கே அல்ல, சர்வருக்குள். உள்ளே ஏதாவது தவறினால் வெளியே ஒரு வெள்ளைப் பக்கம் வரும், இல்லாவிட்டால் ஐந்நூறு என்று ஒரு நம்பர் வரும். எந்த இடத்தில் என்ன ஆனது என்று சொல்லாது. அதனால் வசந்தா புரோகிராமுக்குள்ளேயே பத்து வரிக்கு ஒரு தடவை, 'இங்கே வந்தேன், நேரம் இது, கையில் இருப்பது இது' என்று சர்வரே எழுதி வைக்கும்படி செய்வார். ஏதாவது மாற்றினால் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். பிறகு சர்வர் எழுதியதை, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அடித்து எடுப்பார். சமையலறையில் இருக்கும் எனக்கு அந்தப் பிரிண்டர் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டால், மேலே இன்றைக்கு எதுவோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

அந்தக் காகிதத்தை அவர் தானே படிக்க மாட்டார். ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். அவர் புரோகிராமை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் டிக் போட்டு வருவார். முருகேசன் படித்தால் ரயில் போகும். நடுவில், "அப்புறம் எல்லாம் சரிதானுங்க மேடம்" என்று பத்து வரியைத் தாண்டிவிடுவார். ஒரு மதியம் மோர் கொண்டு போன என்னைப் பிடித்து உட்கார வைத்தார் வசந்தா.

"எனக்கு இதுல ஒண்ணும் புரியாதுங்களே அம்மணி."

"புரிய வேண்டாமுங்க. புரிஞ்சவங்க அதுல என்ன இருக்கோணுமோ அதைப் படிப்பாங்க. நீங்க என்ன இருக்குதோ அதைப் படிப்பீங்க."

அன்றிலிருந்து மதிய வேலை முடிந்தால் நான் மாடியில் படிக்கிறவள். கமா இருந்தால் கமா என்று படிப்பேன். ஒரே வரி ஆறு தடவை வந்தால் ஆறு தடவையும் படிப்பேன். முருகேசன், "அக்கா படிக்கறது சகஸ்ரநாமம் மாதிரியே இருக்குதுங்க மேடம்" என்று கேலி செய்வார். "அதனாலதான் ஒரு பேரு விடுபடலை" என்பார் வசந்தா.

இனி பூங்கொடி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சென்னிமலைத் தறிகளில் நெய்த பெட்ஷீட்டுகளைப் பெருந்துறையில் மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று. முதலாளி பெயர் வேண்டாம். அவர்களுக்கு ஆர்டர் எழுதுகிற புரோகிராமை வசந்தா செய்து கொடுத்திருந்தார். முழுக்க ஜாவாவில் அவர் செய்த முதல் பெரிய வேலை அதுதான். ஃபேக்ஸில் வருகிற ஆர்டரை அங்கே இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிப்பார்கள். ஒருவர் பூங்கொடி. சென்னிமலைக்காரர், இருபத்திரண்டு வயது, வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். இன்னொருவர் முதலாளியின் மைத்துனர். நீள நீளமான ஆர்டரெல்லாம் பூங்கொடிக்கு வரும், அவர்தான் தவறில்லாமல் அடிப்பவர். நாலு வரி, ஐந்து வரி ஆர்டர் மைத்துனருக்கு.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள், ஹாம்பர்க் ஊர்க்காரருக்குப் போக வேண்டிய மூட்டைகள் லியோன் ஊர்க்காரர் பெயரில் கட்டிக் கப்பல் ஏறிவிட்டன. அதற்கு முன்பே இரண்டு தடவை இப்படிப் பெயர் மாறியிருக்கிறது. மூட்டை கட்டுவதற்குள் பார்த்துவிட்டதால் தப்பித்தார்கள். மூன்றும் பூங்கொடி அடித்த ஆர்டர்கள். முதலாளி ஆபீஸ் நடுவில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பூங்கொடி, "நான் ஹாம்பர்க்குன்னுதானுங்க அடிச்சேன்" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். முதலாளி வசந்தாவுக்குப் போன் செய்தார். தப்பு உங்கள் புரோகிராமிலா, இந்தப் பெண்ணிடமா, எழுதிக் கொடுங்கள் என்றார்.

வசந்தா மூன்று நாள் பார்த்தார். அதே ஹாம்பர்க் ஆர்டரை மாடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்தார். ஒவ்வொரு தடவையும் ஹாம்பர்க் என்றே சேர்ந்தது. பெருந்துறைச் சர்வர் எழுதிய காகிதக் கட்டை வரவழைத்தார். நான் அந்த வாரம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முருகேசன் படித்தார். "ரெண்டு ஆர்டர் வந்திருக்குது, ரெண்டு ஆர்டர் சேர்ந்திருக்குது. எல்லாம் சரிதானுங்க மேடம்." வசந்தா ஆபீஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். 'புரோகிராமில் பிழை எதுவும் இல்லை.' அது முதல் கடிதம். அது போய்ச் சேர்ந்த அன்றே, வருகிற சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி பூங்கொடிக்குச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் வியாழக்கிழமை, கிருத்திகை. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் நல்ல நெரிசல். பஞ்சாமிர்தத்தோடு மாடிக்குப் போனேன்.

"ஏனுங்கக்கா, சாமி கும்பிட்டுப்போட்டு வந்த மூஞ்சியாட்டவே இல்லையே" என்றார் வசந்தா.

"என்னத்தைச் சொல்றதுங்க. எங்கூட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனைக்குத் தட்டுக் கொடுத்தேன். குருக்கள் பேரு, நட்சத்திரம் கேட்டாரு, சொன்னேன். மந்திரத்தை ஆரம்பிக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து ஒருத்தரு தட்டை நீட்டிப்போட்டாருங்க. அவருகிட்டயும் பேரு, நட்சத்திரம் கேட்டாரு. கேட்டுப்போட்டு என் தேங்காயை ஒடைச்சு அந்த ஆளு பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டாரு. அப்புறம் அவரு தட்டுக்கும் அவரு பேரே. யாரோ ஒரு பூரட்டாதிக்கு ரெண்டு அர்ச்சனை, எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணுமேயில்லை."

முருகேசன் சிரித்தார். "சாமிக்குத் தெரியாதுங்களாக்கா, தேங்காய் யாருதுன்னு?"

வசந்தா சிரிக்கவில்லை. பஞ்சாமிர்தம் வாங்கிய கை அப்படியே நின்றது.

"தட்டை முந்திக் கொடுத்தது யாருங்கக்கா?"

"நான்தானுங்க."

"குருக்கள் எத்தனை பேரு?"

"ஒருத்தருதானுங்க. அதனாலதான் அத்தனை கூட்டம்."

"நீங்க சொன்ன பேரை அவரு எங்க வெச்சிருந்தாரு?"

"எங்க வெப்பாருங்க, மனசுலதான்."

கையைக் கழுவக்கூட இல்லை. புரோகிராம் அடித்த காகிதத்தை இழுத்துப் பிரித்தார். "முருகேசு, ஆர்டர் கொடுக்கறவங்க பேரை நான் எங்க வெச்சிருக்கறேன்னு பாரு" என்றார். முருகேசன் குனிந்து பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குப் பிறகு விளக்கிச் சொன்னார்கள். சர்வ்லெட் என்று பெயருள்ள அந்தப் புரோகிராம் சர்வருக்குள் ஒன்றே ஒன்றுதான் உட்கார்ந்திருக்கும். எத்தனை பேர் கேட்டாலும் அந்த ஒன்றுதான் எல்லாருக்கும் வேலை செய்யும். ஆர்டர் கொடுக்கிறவர் பெயரை வசந்தா அதனுடைய மனசில் வைத்திருந்தார். அதாவது எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில். ஒருவர் மட்டும் வந்து போனால் ஒரு குழப்பமும் இல்லை. ஒருவருடைய வேலை முடிவதற்குள் இன்னொருவர் வந்தால், முந்தி வந்தவர் பெயர் அழிந்து பிந்தி வந்தவர் பெயர் உட்கார்ந்துகொள்ளும். மில்லில் பன்னிரண்டு வருஷம் ஒரு நேரத்துக்கு ஒரு வேலை என்று ஓடுகிற புரோகிராம்களை எழுதிய கை, பழக்கத்தில் அப்படி எழுதிவிட்டது. மாடியிலும் எப்போதும் ஒருவர் அடிக்க மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பதுதான் வழக்கம். தப்பு எப்படித் தெரியும்?

"அக்கா, அந்தப் பெருந்துறைக் கட்டைப் படிங்க" என்றார். படித்தேன். பத்து நாற்பத்திரண்டு, ஏழாவது விநாடி, வந்தது ஹாம்பர்க். எட்டாவது விநாடி, வந்தது லியோன். ஒன்பதாவது விநாடி, சேர்ந்தது லியோன். பதினோராவது விநாடி, சேர்ந்தது லியோன்.

"திரும்பப் படிங்க."

"சேர்ந்தது லியோன். சேர்ந்தது லியோன். ரெண்டு தடவையும் லியோன்தானுங்க இருக்குது."

வசந்தா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீளமான ஆர்டரைச் சேர்க்க நேரம் அதிகமாகும். அந்த நேரத்துக்குள்ளதான் அடுத்தவங்க வந்து பேரை அழிக்க முடியும். நல்லா வேலை செய்யற புள்ளைன்னுதான் நீள ஆர்டரெல்லாம் அவளுக்குக் கொடுத்தாங்க. நல்லா வேலை செஞ்சதுக்குத்தான் அவளுக்கு இந்தக் கெட்ட பேரு."

அப்போதும் அவர் நம்பிவிடவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் அவர் நீள ஆர்டரோடு உட்கார்ந்தார். இன்னொன்றில் என்னைச் சின்ன ஆர்டரோடு உட்கார வைத்தார். முருகேசன் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, நான் "முருகா" என்று சொல்லி அமுக்கினேன். நாலு தடவை ஒன்றும் ஆகவில்லை. "நல்லாத்தான் ஓடுதுங்க மேடம்" என்றார் முருகேசன். "நல்லா ஓடுதுங்கறதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். மறுபடி எண்ணு" என்றார். ஐந்தாவது தடவை அவர் ஆர்டரில் என் ஆளின் பெயர் வந்து உட்கார்ந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க முருகனை ஒரே நேரத்துல ஊரே கும்பிட்டாலும் தாங்கறாரு. என் சர்வருக்கு ரெண்டு பேரு வந்தாத் தாங்கலைங்கக்கா" என்றார்.

"அவருக்குப் பன்னண்டு கை இருக்குதுங்களே அம்மணி" என்றேன்.

திருத்தம் மூன்று வரிதான். பெயரைப் பொது இடத்திலிருந்து எடுத்து, அவரவர் வேலையோடு கூடவே போகும்படி வைத்தார். அர்ச்சனைச் சீட்டை அவரவர் தட்டிலேயே வைத்த மாதிரி. சர்வரை நிறுத்தி ஓட விட்டு, ஐம்பது தடவை நானும் அவரும் சேர்ந்து அமுக்கினோம். ஒரு தடவையும் மாறவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டேன்.

அப்போது முருகேசன் ஒரு யோசனை சொன்னார். அவர் மேல் குற்றமாக இதை எழுதவில்லை. அந்த வயதில் அந்த இடத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். "போயி சத்தமில்லாம மாத்திப்போட்டு வந்தர்லாமுங்க மேடம். இனி தப்பு வராது. கொஞ்ச நாள்ல அவங்களும் மறந்துருவாங்க." அதே முதலாளி அடுத்ததாகத் தன் மூன்று கிளைகளுக்கும் புரோகிராம் செய்யும் வேலையை வசந்தாவுக்குத் தருவதாகப் பேச்சு இருந்தது. மாடியில் எல்லாருக்கும் அது தெரியும்.

"அந்தப் புள்ளை மறக்குமா?" என்று மட்டும் கேட்டார் வசந்தா. பிறகு, "திருத்தறது மூணு வரி. போயிச் சொல்றதுதான் மிச்ச வேலை" என்றார்.

சனிக்கிழமை காலை காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினோம். சாட்சிக்கு நான். அவர் மடியில் காகிதக் கட்டு. அவிநாசி தாண்டியதும், "அக்கா, உங்க திருநீறு கொஞ்சம் கொடுங்க" என்றார். நெற்றியில் இட்டுக்கொள்ளவில்லை. பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆபீசில் பூங்கொடி மேஜையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். டிபன் டப்பா பைக்குள் போயாகிவிட்டது. முதலாளி எங்களைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். வசந்தா, "இங்கயே சொல்றனுங்க. நீங்க அன்னைக்குச் சத்தம் போட்டதும் இங்கதானுங்களே" என்றார். பூங்கொடியை ஒரு கம்ப்யூட்டரிலும் மைத்துனரை இன்னொன்றிலும் உட்கார வைத்து, அந்தப் பழைய புரோகிராமிலேயே இருவரையும் ஒன்றாக அமுக்கச் சொன்னார். ஏழாவது தடவை பெயர் மாறியது. முதலாளி குனிந்து பார்த்தார்.

"இது என்னுங்க இது?"

"இது நான் பண்ணின பிழைங்க. இவங்க ஹாம்பர்க்குன்னுதான் அடிச்சாங்க. என் புரோகிராம் மாத்திப்போட்டுது. பிழை இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்ததும் பிழைதானுங்க. அதைக் கிழிச்சுப் போட்டிருங்க."

முதலாளி நிமிர்ந்தார். "செரி, போனாப் போகுது. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்று வசந்தாவிடம் சொன்னார்.

"அவங்க இங்கதானுங்களே நிக்கறாங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் பூங்கொடி பக்கம் திரும்பினார். கௌரவம் பார்க்கிற மனுஷர், அவருக்கு அது சுலபமாக இருக்கவில்லை. "அம்மணி, தப்பு உன்மேல இல்லை. மனசுல வெச்சுக்காதே. திங்கக்கிழமை வா."

பூங்கொடி டிபன் டப்பாவைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். "திங்கக்கிழமை எதுக்குங்க. இன்னைக்கே உக்காந்துக்கறேன். உங்க மச்சினர் அடிச்சு வெச்சதை யாராச்சும் சரி பாக்கோணுமில்லீங்க" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. மைத்துனரும் சிரித்தார், வேறு வழியில்லை.

வசந்தா அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினார். ஒன்று முதலாளிக்கு, அதே போல் இன்னொன்று பூங்கொடி கைக்கு. எனக்கு ஞாபகம் இருப்பது இது: 'பெயர் மாறிய மூன்று ஆர்டர்களும் நான் எழுதிய புரோகிராமில் இருந்த பிழையால் மாறியவை. அவற்றை அடித்த செல்வி பூங்கொடியின் வேலையில் எந்தத் தவறும் இல்லை. இதற்கு முன் நான் கொடுத்த கடிதம் செல்லாது.' கீழே கையெழுத்து. பூங்கொடி அதை மடிக்காமல் ஒரு ஃபைலுக்குள் வைத்ததைப் பார்த்தேன்.

புதிய புரோகிராமை ஏற்றி, மத்தியானம் அவர்கள் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மூன்று கிளை வேலை வசந்தாவுக்கு வரவில்லை. சென்னையிலிருந்து வேறு யாரோ செய்தார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் மாடியில் ஒருவர் சம்பளமும் நிற்கவில்லை என்பது இங்கே எழுதுகிற உங்களுக்கே தெரியும். அதற்காக ஒரு நாளும் அவர் முகம் வாடிப் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லுவார், தன் பெயரோடு. "இது நான் பண்ணினது. நீங்க வேற ஏதாச்சும் புதுசாப் பண்ணுங்க" என்பார்.

போன வாரம் முருகேசன் போனில் ஒன்று கேட்டார். "அக்கா, நீங்க எல்லாம் எழுதுங்க. அந்தப் பெருந்துறைக் கதை மட்டும் வேண்டாமுங்களா? மேடம் தப்புப் பண்ணினதை ஏன் மலர்ல போடோணும்?"

"அதை எடுத்துப்போட்டா அவங்களைப் பத்தி நாம வேற என்னத்தைப் போடறதுங்க?" என்றேன்.

"போடுங்கக்கா. நான் சத்தமில்லாம மாத்தலாம்னு சொன்னதையும் போட்டிருங்க" என்றார். அவரும் வசந்தாவிடம் வேலை படித்தவர்தானே.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்தேன். ஜாவா எனக்கு ஒரு வரியும் தெரியாது. என் பேச்சை ஒருவர் மறுத்தால், மறுக்கிறவரைத் திட்டுவதற்கு முன்னால் என் பக்கத்தை ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்தில் அதனால் மருமகளிடம் மூன்று தடவை, வீட்டுக்காரரிடம் எண்ணிக்கையில்லாமல், 'தப்பு என்னதுங்க' என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு நான் ஒன்றும் குறைந்து போய்விடவில்லை. காலையில் விளக்கேற்றும்போது வரிசையாகச் சொல்லுகிற பெயர்களில் இப்போது அவர் பெயரும் இருக்கிறது. அவர் பெயரைத் தனியாக நிறுத்திச் சொல்லுகிறேன்.

பூங்கொடி, அச்சுக்குப் போகும் முன் இந்தத் தாள் உங்கள் கைக்கும் வரும் என்று முருகேசன் சொல்கிறார். வசந்தா உங்களிடம் கொடுத்த அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறதா? நான் எழுதியிருப்பது ஞாபகத்திலிருந்து, வார்த்தை முன்னே பின்னே இருக்கும். இருந்தால் அதை அப்படியே படம் எடுத்து மலரின் முதல் பக்கத்தில் போட விரும்புகிறோம். அதில் உங்கள் பெயர் இருப்பதால் உங்கள் சம்மதமும் வேண்டும். புதன்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறோம். போட வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, அதற்குள் எனக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.